அரைப்பேர் போட்டாலும் போதும்: ஒபிஸ் ட்ரிப்பும் ஓட்டிசமும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளையின் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழும். "அடுத்த மாதம் டீம் பில்டிங். எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். எங்கே, என்ன என்பதெல்லாம் சர்ப்ரைஸ்!" அதற்குக் கீழே கைதட்டும் படமும் ஆடும் படமுமாக வரிசை கட்டும். எனக்கு அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்ததுமே வயிறு பிசையத் தொடங்கிவிடும்.

நான் அட்டனில் ஒரு நிதிக் கம்பெனியின் கிளையில் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஓட்டிசம் (பிறவியிலேயே மூளை கொஞ்சம் வேறு விதமாக வேலை செய்யும் தன்மை) இருப்பது 27 வயதில்தான் தெரிந்தது. அதுவரை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கிருந்த பட்டம், "அவன் ஒரு மாதிரி". இதுவரை ஏழு ட்ரிப், நான்கு ஹோட்டல் பயிற்சி, அதற்கு மேல் புத்தாண்டு விளையாட்டுகள் என்று பார்த்தாயிற்று. இரண்டு தடவை மோசமாக விழுந்து எழும்பியிருக்கிறேன். இப்போதுதான் முதல் வேலைக்குச் சேர்ந்து, முதல் செய்தியைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

"கட்டாயம் வர வேண்டும்" என்பது நம் ஆட்களுக்குப் புதிய சொல் இல்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை என்று வளர்ந்த குடும்பங்கள் நாங்கள். ஆனால் அதே தோட்டத்தில் அரைப்பேர் என்றும் ஒன்று இருக்கிறது. கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம். என் அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வரும், நியாயமான கோபம். நான் மட்டும் அதை நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். ட்ரிப்புக்கு முழுப்பேர் போடத்தான் வேண்டும் என்றில்லை. போகாமல் ஒளிந்துகொள்வதற்கும், போய் முழு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், எது உங்களை அடிக்கிறது என்று பாருங்கள்

மலைநாட்டு ஒபிஸ்களில் டீம் பில்டிங் பெரும்பாலும் நான்கு உருவத்தில் வரும். கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து ஹோட்டல் மண்டபத்தில் நடத்தும் அரை நாள் பயிற்சி. பஸ் பிடித்துக் கித்துள்கலைக்கோ நுவரெலியாவுக்கோ போகும் ட்ரிப். ஏப்ரலில் வரும் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு. வருடக் கடைசியில் டீஜே வைத்த இரவுச் சாப்பாடு. நான்கையும் ஒன்றாகச் சேர்த்து "எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சொல்லிவிட்டால் யாராலும் உதவ முடியாது, உங்களாலேயே முடியாது.

ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். கல்யாணம், கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று கூட்டமாக இருந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்து எழுதுங்கள். எந்த நேரத்தில் களைத்தீர்கள்? சத்தமா, வெளிச்சமா, வாசமா, தொடுதலா, அடுத்தது என்ன என்று தெரியாததா? என் பட்டியலில் முதலாவது விசில். இரண்டாவது, சொல்லாமல் தோளில் விழும் கை. மூன்றாவது, ஈர உடுப்பும் டீசல் வாசமும் சேர்ந்த பஸ். "உங்களைப் பற்றி ஏதாவது சுவாரசியமாகச் சொல்லுங்கள்" நான்காவது. கூட்டம் என் பட்டியலில் இல்லவே இல்லை, அது எனக்கே ஆச்சரியம். அட்டன் நகரத்துத் தேர்க் கூட்டத்தில் ஒரு ஓரமாக மணிக்கணக்கில் நிற்பேன். அங்கே யாரும் என்னிடம் எதுவும் எதிர்பார்ப்பதில்லை.

புலன்கள் அளவுக்கு மீறிக் கூர்மையாகவோ மந்தமாகவோ இருப்பது நாம் செய்யும் பாவனை இல்லை. 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற நோய்நிர்ணயக் கைந்நூல் அதை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. அதே போல, ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியாது என்று ஒரு பக்கமாகவே பேசிக்கொண்டிருந்தபோது, தானும் ஓட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் அதைத் திருப்பிப் போட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கும் நம்மைப் புரிவதில்லை என்றார். பயிற்சியாளர் "நீங்கள் டீமோடு சேரவில்லை" என்று சொல்லும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்வதில்லை.

நிகழ்ச்சி நிரலை யாரிடம் கேட்பது

மேனேஜரிடம் கேட்காதீர்கள். அவருக்கே தெரிந்திருக்காது, அல்லது சர்ப்ரைஸைக் காப்பாற்றுவார். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசு கட்டும் ஆள் ஒருவர் எல்லா ஒபிஸிலும் இருப்பார். பெரும்பாலும் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். அவருக்கு எல்லாம் தெரியும், யாரும் தன்னிடம் முன்கூட்டி எதுவும் கேட்பதில்லையே என்ற சின்ன மனக்குறையும் இருக்கும். அவரிடம் தனியாக, எழுத்தில் கேளுங்கள். நான் அனுப்புவது இதுதான்:

"அண்ணே, ட்ரிப்புக்கு நானும் வர்றேன். எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புறோம், சாப்பாடு எங்கே, என்னென்ன விளையாட்டுன்னு மட்டும் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன். முன்னாடியே தெரிஞ்சா எனக்கு லேசா இருக்கும்."

"நானும் வர்றேன்" என்பது முதல் வரியில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வராமல் இருக்கக் காரணம் தேடுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

இரவு தங்கும் ட்ரிப் என்றால் இன்னும் இரண்டு கேள்வி: ஒரு அறைக்கு எத்தனை பேர், டீஜே எத்தனை மணி வரை. கூகிள் வரைபடத்தில் அந்த இடத்தின் படங்களையும் பாருங்கள். மண்டபத்துக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறதா, வெளியே வாங்கு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போவதே பாதி மருந்து.

இன்னொரு சங்கதி நமக்கே உரியது. விளையாட்டின் விதிகளை மைக்கில் சிங்களத்தில் வேகமாகச் சொல்வார்கள், நடுநடுவே ஆங்கிலம் கலக்கும், பின்னால் பாட்டு ஓடும். நம்மில் பலருக்குச் சிங்களம் கடைவீதிக்குப் போதும், மைக்குக்குப் போதாது. ஓட்டிசம் உள்ள ஒருவருக்குச் சத்தத்திலிருந்து சொல்லைப் பிரித்தெடுப்பதே பாரம், அதற்கு மேல் மொழிபெயர்ப்பும் என்றால் விளையாட்டு முடிந்த பிறகுதான் விதி விளங்கும். "விதிகளைக் குழுவில் எழுதிப் போடுங்கள்" என்று கேளுங்கள். இதற்கு ஓட்டிசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. நான் கேட்டபோது கொட்டகலை அக்கா ஒருவரும் "ஆமா, எனக்கும் விளங்குறதே இல்லை" என்றார்.

சொல்வதா, வேண்டாமா

இதற்கு ஒரே பதில் கிடையாது. எனக்கு ஓட்டிசம் என்று ஒபிஸில் நான் மூன்று வருடம் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் நன்றாக நடந்துகொண்டார். மற்றவர் அன்றிலிருந்து என்னிடம் சின்னப் பிள்ளையிடம் பேசுவது போல மெதுவாகப் பேசத் தொடங்கினார், இன்னும் நிறுத்தவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் யோசனை, பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் சொல்லுங்கள். "சத்தம் கூடினால் எனக்குப் பேச முடியாமல் போகும், பதினைந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வருவேன்." இது உண்மை, முழு உண்மையாக இல்லாவிட்டாலும். பெயரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. ஏப்ரல் 2 உலக ஓட்டிச விழிப்புணர்வு தினம் என்று ஒபிஸில் நீல நிறப் படம் பகிர்ந்தவர்களே, இரண்டு வாரம் கழித்துப் புத்தாண்டு விளையாட்டில் "ஏன் ஒதுங்கி நிற்கிறாய்" என்று கையைப் பிடித்து இழுத்ததையும் பார்த்திருக்கிறேன். படம் பகிர்ந்ததை வைத்து ஆளை நம்பிவிடாதீர்கள்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 27ஆம் உறுப்புரை, வேலையிடத்தில் நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று பேசுகிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் ஒரு ட்ரிப்புக்காக மேனேஜர் மேசையில் சட்டப் புத்தகத்தை வைத்தால், ட்ரிப்பிலிருந்து தப்பலாம், மிச்ச வருடத்திலிருந்து தப்ப முடியாது.

அதைவிட ஒரு வைத்தியர் கடிதம் நன்றாக வேலை செய்யும். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, கட்டணம் இல்லை. உங்கள் ஊருக்குக் கிட்ட இருக்கும் அரசாங்க வைத்தியசாலையிலும் கிளினிக் நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். கடிதத்தில் நோயின் பெயர் வேண்டாம், "அதிக சத்தமுள்ள இடங்களில் நீண்ட நேரம் இருப்பதைத் தவிர்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதித் தாருங்கள் என்று வைத்தியரிடம் கேட்கலாம். எனக்கு அப்படித்தான் எழுதித் தந்தார். மனசு நிலையில்லாமல் போகும் நாட்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் தொலைபேசியில் பதிந்துவிடுங்கள்.

ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

கல்யாண வீட்டில் கவனித்திருப்பீர்கள். சும்மா கதிரையில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் எல்லா மாமாக்களும் வருவார்கள். "என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எப்போ கல்யாணம்?" ரச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடக்கும் பையனிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. "தம்பி, இங்கே கொஞ்சம் ஊத்து" என்பார்கள், அவ்வளவுதான். சிறு வயதிலிருந்தே நான் வாளி தூக்கிய பையன். ஏன் அப்படி ஓடி ஓடித் தூக்கினேன் என்பது 27 வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

ட்ரிப்பிலும் அப்படி வாளிகள் இருக்கின்றன. ஸ்கோர் எழுதுவது, நேரம் பார்ப்பது, பஸ்ஸில் ஆள் எண்ணுவது, சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பது, முதலுதவிப் பெட்டியை வைத்திருப்பது. கித்துள்கலையில் களனி ஆற்றில் ராஃப்டிங் போகும்போது எல்லோருடைய தொலைபேசியையும் பர்ஸையும் யாராவது கரையில் வைத்துக்கொண்டு இருக்கத்தான் வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. நான் கேட்டு வாங்கினேன். முப்பத்தொரு தொலைபேசி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டிய துண்டு, ஒரு பை, ஒரு பாறை, தண்ணீரின் ஒரே சீரான சத்தம். இரண்டு மணி நேரம். ஒன்பது வருடத்தில் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்த டீம் பில்டிங் அதுதான். திரும்பி வந்தவர்கள் நனைந்து நடுங்கிக்கொண்டு தங்கள் தொலைபேசியை வாங்கியபோது ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். டீம் என்று ஒன்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

கேட்கும் விதம் முக்கியம். இரண்டு வாரத்துக்கு முன்பே கேளுங்கள், கடைசி நேரத்தில் எல்லா வேலையும் போய்விடும். "ஏதாவது உதவி வேணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை தம்பி, நீங்க என்ஜோய் பண்ணுங்க" என்பார்கள். "ஸ்கோர் நான் எழுதட்டுமா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எல்லா வாளியும் நல்ல வாளி இல்லை. காசு சேர்க்கும் வேலை வேண்டவே வேண்டாம், பாதிப் பேர் "பிறகு தாறேன்" என்பார்கள், அது உங்கள் தலையில் விழும். மைக் பிடிப்பதும் வேண்டாம். படம் எடுப்பது பார்க்க நல்ல வேலை போலத் தெரியும், கேமராவுக்குப் பின்னால் ஒளியலாம் என்று தோன்றும். ஆனால் "எங்களையும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று எல்லோரும் உங்களைச் சுற்றித்தான் நிற்பார்கள். நான் ஒரு தடவையோடு விட்டுவிட்டேன்.

அரைப்பேர் கேட்பதும் இதே போலத்தான். "சாப்பாடு வரை நிற்கிறேன் சேர், பிறகு கிளம்ப வேண்டும்" என்று முதல் நாளே சொல்லுங்கள். நடுவில் காணாமல் போனால் தேடுவார்கள், நேரம் சொல்லிப் போனால் விடுவார்கள். நுவரெலியாவில் நிகழ்ச்சி என்றால் அட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் தனியாக வரலாம், தனியாகத் திரும்பலாம். தனியாகப் போவதற்கு அனுமதி உண்டா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்

பலருக்கு ட்ரிப்பில் மோசமான பகுதி விளையாட்டு இல்லை, பஸ்தான். கினிகத்தேனை வளைவுகள், மூடிய ஜன்னல், கைதட்டு, பைலா, பின் சீட்டில் றபான் மேளமோ வாளியோ எது கிடைத்தாலும் அதில் தாளம். போகும்போதே களைத்துவிட்டால் அங்கே நாள் முழுவதும் என்ன செய்வது?

முன் சீட்டைப் பிடிப்பதற்கு மலைநாட்டில் ஒரு மந்திரம் இருக்கிறது: "எனக்கு வாந்தி வரும்." நம் ரோட்டில் வாந்தி வரும் ஆளுக்கு இருக்கும் மரியாதை மேனேஜருக்குக்கூடக் கிடையாது. உடனே ஜன்னல் சீட், கையில் ஒரு சொப்பிங் பேக், மோந்து பார்க்கத் தேசிக்காய். கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் ஆடக் கூப்பிடவும் மாட்டார்கள். எனக்கு உண்மையாகவே வரும், அதனால் மனச்சாட்சி உறுத்துவதில்லை. உங்களுக்கு வராவிட்டால் அது உங்கள் மனச்சாட்சியின் பாடு.

காதில் பஞ்சு போன்ற மெத்தையான காதடைப்பான் வையுங்கள். சத்தத்தை முழுக்க அடைக்காது, அதன் முனையை மழுக்கும். பெரிய ஹெட்போன் போட்டால் "பெரிய ஆள்" என்று சொல்வார்கள். தொப்பியோ கம்பளித் தொப்பியோ போட்டால் காதடைப்பான் வெளியே தெரியாது, நுவரெலியாக் குளிரில் யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள்.

விளையாட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்

எது ஒத்துவரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் நல்லது. விதி தெளிவு, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், தோற்றாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். கயிறு இழுத்தல் எனக்கு மிகவும் பிடிக்கும். சத்தம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் கை, தோள், கால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விழும் அந்தப் பாரம் உடம்பை அமைதியாக்குகிறது. தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அழுத்தம் நம்மில் பலரை நிதானப்படுத்துவதுண்டு. நடுவில் நிற்காதீர்கள், கடைசி ஆளாக நின்றால் பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்.

யானைக்குக் கண் வைப்பதும் முட்டி உடைப்பதும் கண்ணைக் கட்டும் விளையாட்டுகள். ஆளைச் சுற்றிவிட்டு நாலு பக்கமும் கத்துவார்கள். முட்டி உடைந்தால் தண்ணீர் தெறிக்கும். எனக்கு இரண்டும் முடியாது. சங்கீதக் கதிரை அதைவிட மோசம். பாட்டு எந்த நொடியில் நிற்கும் என்று காத்திருந்தே நரம்பெல்லாம் இறுகிவிடும்.

பயிற்சியாளர் நடத்தும் வகையில் மூன்றுக்குத் தயாராகப் போங்கள். பின்னால் சாய்ந்து மற்றவர் கையில் விழுவது. எல்லோரும் கை கோத்துச் சிக்கிக்கொண்டு பிறகு சிக்கெடுப்பது. வட்டமாக உட்கார்ந்து தன்னைப் பற்றிச் சொல்வது. முதல் இரண்டுக்கும் மறுப்பு, மூன்றாவதற்கு மனப்பாடம். நான் நான்கு வருடமாக ஒரே மூன்று வாக்கியங்களைத்தான் சொல்கிறேன்: ஊர், பகுதி, மழை அளக்கப் பிடிக்கும். (உண்மையாகவே வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். யாராவது மேலே கேட்டால் பத்து நிமிடம் பேசுவேன், அதனால் கேட்பதில்லை.)

மறுக்கும்போது ஒரு வாக்கியம், அதோடு ஒரு மாற்று. "நான் இதில் இல்லை சேர், நேரம் பார்க்கிறேன்." காரணம் சொல்லத் தொடங்கினால் காரணத்தோடு வாதாடுவார்கள். "வாங்க வாங்க, கூச்சத்தை விடுங்க" என்று மறுபடி கூப்பிட்டால் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாம் தடவைக்கு மேல் யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் நல்ல நாள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல். கண்ணைக் கட்டி, முன்னால் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும். வேண்டாம் என்றேன். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே துணியைக் கட்டிவிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்தாறு அடி நடந்திருப்பேன். பின்னால் ஒருவர் என் தோளைப் பிடித்தார், எங்கோ விசில் ஊதியது. அதன் பிறகு எனக்குள் எல்லாம் அணைந்துவிட்டது. துணியைக் கழற்றிவிட்டு ஒரு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஒரு சொல்கூட வரவில்லை. மேனேஜர் வந்து என்ன கோபம் என்று கேட்டார். கோபம் இல்லை என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் "குழுவோடு ஒத்துழைப்பதில் முன்னேற்றம் தேவை" என்று ஒரு வரி இருந்தது.

அணைவதற்கு முன் வெளியேறுங்கள்

சிலருக்கு வெடிக்கும், அழுகையோ கத்தலோ வரும். சிலருக்கு என்னைப் போல அணையும். இரண்டுக்கும் முன்னறிவிப்பு உண்டு. எனக்குக் காது முதலில் கூர்மையாகும், கரண்டி தட்டில் படும் சத்தம் தனியாகக் கேட்கும். அப்புறம் விரல் குளிரும். அந்த இடத்திலேயே எழும்பிவிட வேண்டும், "இது முடிஞ்சதும் போவோம்" என்று நினைத்தால் பிந்திவிடும். பசியும் குளிரும்கூட நம்மில் பலருக்குப் பிந்தித்தான் தெரியும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், வெயில் இறங்கியதும் குளிர் சட்டென்று வரும். தெரிகிறதோ இல்லையோ, நாலு மணிக்கு ஜம்பரைப் போடுங்கள், மணி பார்த்துச் சாப்பிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கித்துள்கலைப் பக்கம் மழைக்காலம், மாற்று உடுப்பும் காலுறையும் இரண்டாக இருக்கட்டும். ஈரக் காலுறையோடு சிரித்துப் பேச என்னால் முடியாது.

போக நல்ல இடம் பஸ். டிரைவர் அண்ணன்மார் எந்த விளையாட்டிலும் சேராமல், சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பார்கள். "தலைவலிண்ணே, கொஞ்சம் இருக்கட்டுமா?" என்றால் கதவைத் திறந்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவார்கள். ஒபிஸில் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். நான் "பிளேன்டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றால் இருபது நிமிடம் என்னைத் தேடவேண்டாம் என்று அர்த்தம்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வார்த்தை. "வீட்டில் இரவு தங்க விடமாட்டார்கள்" என்பது நம் பக்கம் யாரும் கேள்வி கேட்காத காரணம். என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சி அதைச் சொல்லித்தான் டீஜே இரவிலிருந்து தப்புகிறாள். ஆனால் பதவி உயர்வு வரும்போது அதே காரணம் அவளுக்கு எதிராகவும் பேசப்பட்டது. அளவாகப் பாவியுங்கள்.

அடுத்த நாள்

ட்ரிப்புக்கு அடுத்த நாளுக்கு லீவு வையுங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய (கெஷுவல்) லீவும் உண்டு. ஆனால் சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது, அமய லீவும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் சேரும். அதனால் புதியவர்கள் சேர்ந்த அன்றிலிருந்தே ஒன்றைத் தொடாமல் வைத்திருங்கள். அந்த நாளில் துணி துவைப்பது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது என்று எதுவும் வைக்காதீர்கள். நான் போர்வைக்குள் கிடப்பேன், பின்னேரம் மழைமானியைப் பார்ப்பேன்.

வட்ஸ்அப் குழுவை ஒரு வாரத்துக்குச் சத்தமில்லாமல் வையுங்கள், இருநூறு படம் வரும். வேலைக்குத் திரும்பியதும் "எப்படி ட்ரிப்?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். அதற்கும் ஒரு வாக்கியம் போதும். "சாப்பாடு நல்லா இருந்துச்சு." அவர்கள் மிச்சத்தைத் தாங்களே பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்கே கொப்பியில் எழுதிவிடுங்கள், எது ஒத்துவந்தது, எந்த மணிக்குக் களைத்தது என்று. அடுத்த செய்தி வருவதற்குள் மறந்துவிடும். எனக்குப் போன வாரம் வந்துவிட்டது. அன்றிரவே செயலாளர் அண்ணனுக்கு எழுதினேன், வர்றேன், சாப்பாடு வரைக்கும், ஸ்கோர் நான் எழுதட்டுமா என்று. பத்து நிமிடத்தில் பதில்: "கொப்பி உனக்குத்தான். பேனை நீயே கொண்டு வா, போன தடவை குடுத்தது திரும்பி வரல."